நாஹாவா, இஷிகாகியா?

ஜப்பானின் தெற்கிலுள்ள தீவு மாகாணமான ஒகினாவாவில் வேலை கிடைத்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: முதல் வருடம் அதன் தலைநகர் நாஹாவில் இருங்கள். இஷிகாகித் தீவின் கடல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நாஹாவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி, விமானத்தில் ஒரு மணி நேரம்.

எங்கே குடியேறினாலும் வீடு பிடித்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதில் வித்தியாசமில்லை. அதற்கப்புறம்தான் வித்தியாசம் தெரியும். நாஹாவில் 2003 முதல் யுய் ரயில் என்ற மோனோரயில் ஓடுகிறது, கார் இல்லாமலே சமாளிக்கலாம். இஷிகாகியில் கார் இல்லையென்றால் கஷ்டம். இடதுபக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம் என்பது ஓர் ஆறுதல்.

புயல் காலத்தை யோசித்துப் பாருங்கள். சரக்குக் கப்பல் நின்றால் இஷிகாகிக் கடைகளில் பாலும் ரொட்டியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அரிசி, பருப்பு, குடிநீர் எப்போதும் கையிருப்பில் வேண்டும். பொது மருத்துவமனை அங்கேயே இருக்கிறது. சில சிறப்புச் சிகிச்சைகளுக்கு மட்டும் நாஹாவுக்குப் பறக்க வேண்டும். குழந்தையோடு போகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டில் இரண்டும் ஒன்றுதான். பாகற்காய்க்கு அங்கே 'கோயா' என்று பெயர், அதை டோஃபு, முட்டையோடு வதக்குவார்கள். பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள், சைவர்கள் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அக்கம்பக்கத்தாரோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ள ஆசையா? ஏறக்குறைய 50,000 பேர் வாழும் இஷிகாகியில் கடைக்காரர் உங்கள் முகத்தைச் சீக்கிரமே நினைவு வைத்துக்கொள்வார்.