சலான், விபத்து, கேஸ்: கேள்வியை எங்கே கேட்பது? வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், வக்கீல் ஆபீஸ்

போன வருடம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் தன் தம்பியின் விபத்து எஃப்ஐஆரை அப்படியே போட்டோ எடுத்துப் போட்டார். "அடுத்து என்ன செய்யணும், யாராவது சொல்லுங்க" என்று ஒரே ஒரு வரி. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு அனுப்பியது. நாங்கள் பதில் எழுதி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று போன் வந்துவிட்டது. ஒருவர் வக்கீல் என்றார், இன்னொருவர் வக்கீலின் ஆள் என்றார், மூன்றாமவர் யார் என்றே சொல்லவில்லை, "கிளெய்ம் முழுக்க நாங்க பார்த்துக்கறோம், இன்னிக்கே வக்காலத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்று விடாமல் பேசியிருக்கிறார். எஃப்ஐஆரில் தம்பியின் பெயர், அப்பா பெயர், வயது, தெரு, கதவு எண் எல்லாம் இருந்தது. அக்காவின் போன் நம்பரைக் குழுவே காட்டிவிட்டது. அப்போது குழுவில் 400 சொச்சம் பேர். யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. பதிவை நீக்கினேன், ஆனால் அது ஏற்கெனவே போய்ச் சேர வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது.

டூவீலர், ஆட்டோ, லோடு வண்டி ஓட்டுகிறவர்களுக்காகக் கோவையில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் குழு இது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதத் தொகையெல்லாம் ஏறியதே, ஹெல்மெட் இல்லை என்றால் 1,000, லைசென்ஸ் இல்லை என்றால் 5,000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 என்று, அப்போது வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் ஆரம்பித்தோம். அந்த எஃப்ஐஆர் சம்பவத்துக்கு அப்புறம் எதில் நடத்துவது, எந்தக் கேள்வியை எங்கே அனுப்புவது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரைவசி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கம்பெனிக்காரன் நம் மெசேஜைப் படிக்கிறானா என்றுதான் கேட்கிறார்கள். வண்டி விவகாரத்தில் எனக்கு அதைவிடப் பெரிய பயம், குழுவுக்குள்ளேயே சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஆள். அவர் கேஸ் பிடிக்கும் புரோக்கராக இருக்கலாம், எதிர்த் தரப்பு இன்சூரன்ஸுக்கு விசாரித்துக் கொடுப்பவராக இருக்கலாம், எதிரே வந்து மோதிய வண்டிக்காரரின் மச்சானாகவும் இருக்கலாம். ஒரே ஊர், ஒரே ரோடு, எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அதனால் ஒவ்வொரு வழியையும் நான் இரண்டு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: கேட்கிறவரின் நம்பர் யார் கண்ணில் படுகிறது, அவர் எழுதியது எத்தனை நாள் அங்கே கிடக்கிறது.

வாட்ஸ்அப்பின் பெரிய பலம், எல்லோரிடமும் அது இருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் அறுபது வயது அண்ணனுக்கும் அது தெரியும். மெசேஜ் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் போகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாதாரணக் குழுவில் சேர்ந்த நொடியே உங்கள் நம்பர் அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிகிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், அப்படியென்றால் முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் விசிட்டிங் கார்டு கொடுத்த மாதிரி. குழுவில் சேரும் லிங்க்கை எங்காவது பொதுவில் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. 2020 பிப்ரவரியில் அப்படிப்பட்ட லிங்க்குகள் கூகுள் தேடலிலேயே வந்து நின்றன. மறையும் மெசேஜ் வசதியில் அதிகபட்சம் 90 நாள் வைக்கலாம், நாங்கள் 7 நாள் வைத்தோம். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுப்பவரை எதுவும் தடுக்காது.

இதே வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' என்று ஒன்று இருக்கிறது, பலர் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. அதன் அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டும்தான் அறிவிப்பு போட முடியும், உறுப்பினர் ஒருவரின் நம்பர் இன்னொரு உறுப்பினருக்குத் தெரியாது. எங்களுக்கு இதுதான் திருப்பமாக அமைந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

டெலிகிராமுக்குப் போகலாம் என்று நண்பர் ஒருவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் இருக்கிறது. நம்பரை மறைத்துவிட்டு ஒரு பயனர் பெயரோடு மட்டும் உலாவலாம், இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம், பழைய பதில்களைத் தேடி எடுக்கலாம். 'நம்பர் பிளேட் சலான்' என்று தேடினால் ஆறு மாதம் முன்பு சொன்ன பதில் வந்து நிற்கும், ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் எழுதும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லி மாளாது. ஆனால் அந்த வசதிதான் வினையும். பொதுக் குழுவாக வைத்தால் சேராமலேயே ஒருவர் உள்ளே எழுதியதையெல்லாம் படிக்கலாம். இரண்டு பேருக்குள் நடக்கும் ரகசிய உரையாடலைத் தவிர, டெலிகிராம் குழுக்களில் முழுப் பூட்டு கிடையாது, எல்லாம் அவர்கள் சர்வரில்தான் இருக்கிறது. அதன் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்ஸில் கைதானதற்கு அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் பயனரின் ஐபி முகவரியையும் போன் நம்பரையும் அதிகாரிகளுக்குக் கொடுப்போம் என்று கொள்கையை மாற்றினார்கள். குற்றவாளியைப் பிடிக்க அது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "டெலிகிராம்ல யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்று நம்பி மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

சிக்னல் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து பயனர் பெயர் வந்துவிட்டது, உங்கள் நம்பரை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தெரியாது. குழுவில் 1,000 பேர் வரை, மெசேஜ் நாலு வாரத்துக்குள் மறையும்படி வைக்கலாம். ஒரே சிக்கல், எங்கள் 400 பேரில் அதை இறக்கியவர்கள் 11 பேர். இரண்டு மாதம் பார்த்துவிட்டு விட்டோம். அட்மின்கள் எங்களுக்குள் ஒரு கேஸைப் பற்றிப் பேச மட்டும் இப்போதும் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

எந்த ஆப் ஆனாலும், போட்டோவை மறைக்காமல் போட்டால் எல்லாம் ஒன்றுதான். ஆர்சி அட்டையை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, எடுத்துப் பாருங்கள். அதில் வண்டி நம்பர் இருக்கிறது, சேஸிஸ் நம்பரும் இருக்கிறது. பரிவாகன் என்ற அரசு வாகனச் சேவைத் தளத்தில் பல சேவைகளுக்கு உள்ளே போக வண்டி நம்பரும் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தும் தான் கேட்பார்கள். லைசென்ஸும் அப்படியே, லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும்தான் அங்கே நுழைவுச் சீட்டு, இரண்டும் ஒரே அட்டையில் அச்சாகியிருக்கிறது. பூட்டையும் சாவியையும் சேர்த்துப் படம் பிடித்து அனுப்புகிறோம். இன்னொன்று, போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் பெயர் மேல் கறுப்பாக இழுத்துவிட்டு மறைத்துவிட்டேன் என்று நினைப்பது. அது அடியில் இருப்பதைத் தெரியவிடும் மைதான், கெட்டியாக மறைக்காது. அப்படி வந்த ஒரு சலானை நான் போனில் பிரைட்னஸை ஏற்றிப் பார்த்தேன், பெயர் பளிச்சென்று தெரிந்தது. கட்டம் போட்டு முழுக் கறுப்பு நிரப்ப வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதியையே வெட்டிவிட வேண்டும். கியூஆர் கோடு இருந்தால் அதையும். டாக்குமெண்ட் என்று அனுப்பினால் படம் எடுத்த இடம் முதற்கொண்டு கோப்பில் ஒட்டிக்கொண்டே போகும், சாதாரணப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது கழன்றுவிடும்.

அரசாங்கமே கொடுத்த கதையும் உண்டு. வாகனப் பதிவு, லைசென்ஸ் தகவல் தளங்களை 87 தனியார் அமைப்புகளுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் திறந்துவிட்டு 65 கோடி ரூபாய் வந்திருக்கிறது என்று 2019 ஜூலையில் மாநிலங்களவையிலேயே சொன்னார்கள். தனியுரிமைக் கவலையால் 2020இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள், ஆனாலும் வெளியே போன தகவல் திரும்பி வந்துவிடாதே.

சரி, இப்போது வக்கீல் பக்கம். குழுவா வக்கீலா என்று கேட்கும்போது எல்லோரும் ஃபீஸைத்தான் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு முக்கியமான வித்தியாசம் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவு, கட்சிக்காரர் தொழில் முறையில் தன்னிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது, வக்கீலின் குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும். (சட்டவிரோதமான காரியத்தை நடத்துவதற்காகச் சொன்னது மட்டும் இதில் அடங்காது.) குழு அட்மினான எனக்கோ, ஆர்டிஓ ஆபீஸ் வாசல் புரோக்கருக்கோ, குழுவில் பதில் எழுதும் எந்த நல்ல மனிதருக்கோ இந்தக் கட்டுப்பாடும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. நாளைக்குக் கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்டால் நாங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைத்தால் உங்கள் மெசேஜையே சாட்சியமாக வைக்கலாம்.

ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு இப்படி ஒன்று வந்தது: "ஓட்டினது தம்பி, லைசென்ஸ் இல்ல, நான் ஓட்டினதா சொல்லிடலாமா?" நான் பார்ப்பதற்குள் பதினாலு பேர் பார்த்திருந்தார்கள், ரெண்டு பேர் 'சொல்லிடுங்க' என்று பதிலும் போட்டிருந்தார்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து என்றால், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடமே வசூலிக்கும்படி தீர்ப்பு வருவது சகஜம். ஓட்டியவர் பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு வரும், பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 அபராதமும். இவ்வளவு பெரிய விஷயத்தில் ஒரு பொய்யை யோசித்தேன் என்பதற்கு அவரே எழுத்தில் ஆதாரம் கொடுத்துவிட்டார். பயத்தில் கேட்ட கேள்விதான், எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நாலு சுவருக்குள் ஒரு வக்கீலிடம் சொல்லியிருந்தால் அவரும் பொய் சொல்லாதே என்றுதான் சொல்லியிருப்பார், ஆனால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பவர்களுக்கு இலவசச் சட்ட உதவி இருக்கிறது, அதை மக்கள் கேவலமாக நினைத்து ஒதுக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமலேயே வக்கீல் கிடைப்பார். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ், போனில் 15100. அங்கே போனால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், ஒதுக்கப்படும் வக்கீல் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள், இரண்டும் உண்மை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராண்டா அக்காவுக்கு நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது இந்த நம்பரைத்தான். விபத்து இழப்பீட்டு மனுவைப் போட மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் ஆறு மாதம் என்று இருக்கிறது. இன்றைக்கே கையெழுத்துப் போடு என்று அவசரப்படுத்துகிறவருக்கு அவசரம் அவருடையது. போனில் கூப்பிட்டுக் கேஸ் கேட்பது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிப்படியும் தவறு.

"அதான் டேட்டா சட்டம் வந்துடுச்சே" என்று ஒருவர் கேட்டார். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகளும் வந்தன, உண்மைதான். ஆனால் நீங்களே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி. கேள்வி இருப்பவர் அட்மினுக்குத் தனியாக எழுதுகிறார். நாங்கள் பெயர், நம்பர், ஊர், தேதி எடுத்துவிட்டு 'ஒருவர் கேட்கிறார்' என்று கம்யூனிட்டி அறிவிப்பில் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே போடுகிறோம். ஹெல்மெட் சலான், வேறு வண்டிக்கு வர வேண்டிய சலான் நம் பெயரில் வந்தது, கேமரா படத்தில் நம்பர் தவறாகப் படிக்கப்பட்டது, விர்ச்சுவல் கோர்ட்டில் (ஆன்லைனிலேயே சலானைப் பார்க்கும் கோர்ட்) கட்டுவதா எதிர்ப்பதா, இதெல்லாம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது, 1,000 ரூபாய் சலானுக்கு வக்கீல் தேவையில்லை. ஆள் அடிபட்டது, குடித்திருந்தது, சின்னப் பையன் ஓட்டியது, எஃப்ஐஆர் போட்டது என்றால் விவரமே கேட்பதில்லை, "மேல எதுவும் எழுதாதீங்க" என்று நிறுத்திவிட்டு வக்கீலையோ 15100ஐயோ சொல்லிவிடுகிறோம். சலான் என்ற பெயரில் ஏபிகே கோப்பு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) எதுவும் வந்தால் திறக்காதீர்கள், பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய், முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா பார்த்து, வண்டி நம்பரைப் போட்டுத் தேடுங்கள், பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள் என்பதை வாரம் ஒரு தடவை போடுகிறோம்.

இதில் நஷ்டமும் இருக்கிறது. முன்பு ஒரு கேள்விக்குப் பத்துப் பேர் பதில் சொல்வார்கள், ஒருவர் சொன்ன தப்பை இன்னொருவர் திருத்துவார், அந்தக் கலகலப்பு போய்விட்டது. பதில் தாமதமாகிறது. எல்லாக் கேள்வியும் எங்கள் நாலு பேர் போனில் வந்து விழுவதால் அந்தப் போன்கள்தான் இப்போது ஆபத்தான இடம். அதனால் பதில் போட்ட அன்றைக்கே தனி மெசேஜை அழித்துவிடுகிறோம், கேலரியில் இறங்கிய படத்தையும் சேர்த்து. சென்ற மாதம் நண்பர் ஒருவர் தன் பழைய போனை மாற்றுக்குக் கொடுக்கப் போனார். கடை வாசலில் நின்று பார்த்தபோது வாட்ஸ்அப் படங்கள் ஃபோல்டரில் ஆறு பேருடைய ஆர்சி அப்படியே இருந்தது.