போல் ரோஜே 2008: பல வருஷம் காத்திருந்து திறந்த ஷாம்பெயின்

எங்கள் கல்யாணம் 2008இல். அந்த வருஷத்து விண்டேஜ், அதாவது அந்த ஒரே வருஷத்து அறுவடையில் செய்தது என்பதற்காகத்தான் போல் ரோஜே ஷாம்பெயினைத் தேடி வாங்கினோம். பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்தில் அது பேர் சொல்லும் வருஷமாகவும் அமைந்துவிட்டது. கோடை முழுக்க வெயில் குறைவு, செப்டம்பரில்தான் வானம் தெளிந்தது. திராட்சை நிதானமாகப் பழுத்ததால் புளிப்பு கெடாமல் நின்றது. அந்தப் புளிப்பு இல்லையென்றால் இத்தனை வருஷம் வைத்திருக்க முடியாது.

இதில் 60 சதவீதம் பினோ நுவார் என்ற கருப்புத் திராட்சை, 40 சதவீதம் ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சை. விண்டேஜ் ஷாம்பெயினைச் சட்டப்படி 3 வருஷம் நிலவறையில் வைத்தால் போதும். எபர்னே ஊரில் இருக்கும் போல் ரோஜே குடும்ப நிறுவனம் அதைவிட வெகுகாலம் வைத்திருந்துதான் விற்பனைக்கு விட்டது. அடியில் படிந்த ஈஸ்ட்டோடு அப்படிக் கிடந்தால்தான் வறுத்த ரொட்டி மணம் ஏறும்.

கடைக்கு வந்த புதிதிலேயே ஒன்றைத் திறந்தோம். எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும்தான் தூக்கலாக இருந்தன. நன்றாகவே இருந்தது, ஆனால் புளிப்பு முந்திக்கொண்டு நின்றது. மிச்ச பாட்டில்களைப் பாரிஸில் எங்கள் கட்டடத்து அடித்தளத்தில் படுக்க வைத்துவிட்டோம். வெளிச்சம் படக் கூடாது, சூடு ஏறி இறங்கக் கூடாது. இந்த இரண்டிலும் கறாராக இருங்கள்.

இந்தக் கல்யாண நாளுக்கு ஒன்றை எடுத்து வந்தோம். உள்ளே 6 மடங்கு வளிமண்டல அழுத்தம் வரை இருக்கும். வருஷம் ஆனதென்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். என் இணையர் கம்பியைத் தளர்த்தி, கார்க்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை மட்டும் மெல்லத் திருப்பினார். புது பாட்டிலின் கார்க் என்றால் வெளியே வந்ததும் அடிப்பக்கம் விரியும். இது விரியவே இல்லை, நேராக ஒடுங்கி நின்றது.

நிறம் பொன்னாக மாறியிருந்தது. முதல் வாயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவசரப்படாமல் அரை மணி நேரம் விட்டோம். நீளமான ஒல்லிக் கிளாஸ் இதற்கு ஆகாது; வயிறு அகன்ற வைன் கிளாஸில்தான் மணம் விரிய இடம் கிடைக்கும். ஐஸ் வாளியும் வேண்டாம், 10 முதல் 12 டிகிரி சரி. பிறகு வந்தது பாருங்கள்: வெண்ணெயில் வாட்டிய ரொட்டி, வறுத்த ஹேசல்நட், தேன், உலர்ந்த ஆப்ரிகாட். விழுங்கிய பிறகும் வெகுநேரம் நாக்கில் நின்றது. குமிழிகள் பொடிப்பொடியாக, உறுத்தாமல் எழுந்தன. புளிப்பு போகவில்லை, மற்றதோடு சேர்ந்துகொண்டது. காத்திருந்ததற்கு இது போதும்.

தொட்டுக்கொள்ள நாள்பட்ட கோந்தே சீஸும் வெண்ணெயில் வதக்கிய காளானும். பிரியாணி வேண்டாம், காரம் இந்த நுணுக்கத்தை எல்லாம் அடித்துவிடும்.

பளிச்சென்ற புளிப்பும் துள்ளும் நுரையும்தான் பிடிக்கும் என்பவர்கள் விண்டேஜை வைத்துக் காக்க வேண்டாம், வாங்கியதும் குடித்துவிடலாம். மீந்ததை ஷாம்பெயின் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம். மறுநாள் மதியம் குமிழி குறைந்திருந்தது, ஹேசல்நட் மணம் இன்னும் கூடியிருந்தது. அவருக்கு அதுதான் அதிகம் பிடித்தது.