மேஜிக் ஸ்பாஞ்ச் வச்சு தூண்டில் ராடோட கார்க் கைப்பிடிய தேய்ச்சா ஒர்க் ஆகுமா? ஆகுது

வெள்ளையா, குட்டி செங்கல் மாதிரி, செவுத்துல பசங்க கிறுக்குனத அழிக்கன்னு விக்கிறாங்களே மேஜிக் ஸ்பாஞ்ச், அத நான் வாங்குனது வூட்டு செவுத்துக்கு இல்ல, ராட் கைப்பிடிக்கு. தண்டையார்பேட்டைல ஒரு பாத்திரக் கடைல பாக்கெட்டா கெடச்சுது, செலவுன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சுக்கு நாலு மார்க் தாராளமா குடுப்பேன். அந்த ஒரு மார்க் ஏன் கொறஞ்சுதுன்னு கீழ வருது.

எண்ணூர் முகத்துவாரத்துலயும் காசிமேடு பக்கம் கல்லு மேல நின்னும் தூண்டில் போடுறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். இறால் உரிச்ச கையாலயே ராட புடிப்போம், அப்புறம் மடவை மீனோட வழவழப்பு, வேர்வ, உப்புத்தண்ணி, பத்தாததுக்கு காத்துல வர்ற அனல் மின் நிலைய சாம்பல் வேற, கொஞ்ச நாள்லயே புதுசுல பிஸ்கட் கலர்ல இருந்த கார்க் கரி புடிச்சு நாத்தம் அடிக்க ஆரம்பிச்சுடும். உடனே நம்மாளுங்க உப்புத்தாள எடுத்துடுவாங்க. பளிச்சுனு ஆகும், இல்லன்னு சொல்லல, ஆனா அழுக்கோட சேர்ந்து கார்க்கும்ல தேயுது, வருஷா வருஷம் இப்படியே பண்ணா கைப்பிடி ஒல்லியாயி புடிக்கவே தோது இல்லாம போயிடும்.

கார்க் ஒண்ணும் சும்மா கெடைக்கல பா. அது ஒரு வகை ஓக் மரத்தோட பட்டை, உலகத்துல அதிகமா எடுக்குறது போர்ச்சுகல்ல. மரம் வச்சு சுமார் 25 வருஷம் கழிச்சுதான் மொத தடவ உரிப்பாங்க, அப்புறம் 9 வருஷத்துக்கு ஒரு தடவதான், அதுலயும் மூணாவது உரிப்புக்கு மேலதான் நல்ல சரக்கு. அதனால நம்ம பட்ஜெட்டுல வர்ற ராடுல நெறைய ஓட்ட இருக்குற கார்க்க போட்டு, ஓட்டைல கார்க் தூளும் பசையும் அப்பி மறைச்சுருப்பாங்க. அழுத்தி தேய்ச்சா மொதல்ல கொட்றது அந்த தூளுதான்.

ஸ்பாஞ்ச் இந்த எடத்துலதான் ஜெயிக்குது. இது மெலமைன் நுரை, தொட்டா மெத்துனு இருக்கும் ஆனா உள்ள ரொம்ப பொடி வல மாதிரி கெட்டியா இருக்கும், அதனால வேல செய்யறது ரொம்ப ரொம்ப நைசான உப்புத்தாள் மாதிரி. மீன் எண்ணெய் ஏறியிருந்தா மொதல்ல ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு துணியால தொடைங்க, அப்புறம் ஸ்பாஞ்ச நனைச்சு நல்லா புழிஞ்சு கைப்பிடிய சுத்தி சுத்தி லேசா தேயுங்க, அமுக்க வேணாம். மொத புழியல்ல வர்ற தண்ணி கருப்பா வரும், அடுத்தது பழுப்பா, அப்புறம் கார்க் வளையங்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்குற கோடு கண்ணுக்கு தெரியும், அதோட நிறுத்திக்கோங்க. பிளீச்சு, தின்னர் பக்கம் போகவே போகாதீங்க.

ரீல் மாட்டுற எடத்துலயும் ராடு மேலயும் இருக்குற பாலிஷ்ல இது பட்டா பளபளப்பு செத்துடும், அதனால ரெண்டு பக்கமும் பெயிண்டர் யூஸ் பண்ற மாஸ்கிங் டேப் ஒரு சுத்து சுத்திட்டு ஆரம்பிங்க. ஸ்பாஞ்சு துணுக்கு துணுக்கா பிஞ்சுகிட்டே வரும், கொறச்ச மார்க் இதுக்குத்தான். அந்த துணுக்கு எல்லாமே பிளாஸ்டிக், அதனால முகத்துவாரத்துல ஒக்காந்து கழுவாம வூட்ல பக்கெட்ல பண்ணுங்க, 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய் கலந்து அந்த ஆறு பட்டதே போதும்.

ஓட்டைய இது அடைக்காது. பழைய பாட்டில் கார்க் ஒண்ண உப்புத்தாள்ல தேய்ச்சு தூள் எடுத்து, தண்ணி தாங்குற பசையான ஃபெவிகால் மரைன்ல கொழச்சு ஓட்டைல அப்பி, நல்லா காஞ்சப்புறம் மேல துருத்தறத மட்டும் நைசா தேய்ச்சுடுங்க. எல்லாம் முடிஞ்சு நெழல்ல காயணும், உள்ள ஈரம் இருக்கும்போதே பைல போட்டீங்கன்னா பூஞ்ச கன்ஃபார்ம். ஈரம் ஏறாம மேல பூசுற யூரித்தேன் சீலர் கெடச்சா துணியால தொட்டு ஒரே ஒரு கோட்டு, தடியா அடிச்சா ஈரக் கைல வழுக்கும். ஒரு அண்ணன் தேங்கா எண்ணெய் தடவ சொன்னாரு, வேணாம்ணே, எண்ணெப் பிசுக்குல அழுக்குதான் ஏறும்.

அப்புறம் புது ராடு கைப்பிடில வர்ற பிளாஸ்டிக் கவர், அத கிழியற வரைக்கும் விட்டு வைக்கிற ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க. உள்ள போன உப்புத்தண்ணி வெளிய வர வழி இல்லாம கார்க் அங்கயே ஊறும், மொத நாளே உரிச்சு போட்டுடுங்க.

கடைல கேக்கும்போது சும்மா ஸ்பாஞ்சுன்னு கேட்டா மஞ்சளும் பச்சையும் ஒட்டுன பாத்திர ஸ்க்ரப்பர குடுத்துடுவாங்க, அந்த பச்ச பக்கம் கார்க்க பிராண்டி எடுத்துடும். வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சுன்னு கேட்டு வாங்குங்க.