கார்பன் ஃபைபர் படகு என்று சொல்லிப் பணம் கறக்கிறார்கள், உஷார்

புதுசாக ஃபைபர் படகு கட்டப் போகிறவர்கள் கவனிக்கவும்.

நானும் அண்ணனும் கூட்டாகக் கட்டிய படகு. "முழுக்கக் கார்பன் போட்டுத் தர்றேன், எடை குறையும், எண்ணெய் மிச்சம், நேவி கப்பலே கார்பன்தான்" என்றார் படகு கட்டும் யார்டுக்காரர். வழக்கமான கண்ணாடி ஃபைபரைவிட ஏறக்குறைய இரு மடங்கு விலை. அவர் சொன்ன நேவி கப்பல் 2017-இல் சேர்ந்த ஐஎன்எஸ் கில்தான். அதில் மேல்கட்டுமானம் மட்டும்தான் கார்பன் கலவை. தண்ணீரில் கிடக்கும் உடம்பு எஃகு. அதை அவர் சொல்லவே இல்லை.

ஒரு சீசன் முடிவதற்குள் எஞ்சின் மாட்டும் பின்பலகையில், அலுமினியத் தகட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக மாவு கிளம்பியது. போல்டைக் கழற்றினால் தகடு அரித்து, ஓட்டை அகன்று கிடக்கிறது. கார்பன் மின்சாரம் கடத்தும். அது அலுமினியத்தோடு ஒட்டி, உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் கரைந்துகொண்டே போகும். நடுவில் கண்ணாடி ஃபைபர் அடுக்கு ஒன்று போட்டு, போல்டுக்கும் உறை கொடுத்திருக்க வேண்டும். இரண்டுமே செய்யவில்லை.

சரி, கார்பனாவது முழுசாக இருக்கிறதா என்று பார்க்க, மின்சாரம் கடந்தால் பீப் அடிக்கும் மல்டிமீட்டரை அண்ணன் கொண்டுவந்தார். கயிறு கட்ட ஓட்டை போட்ட விளிம்புகளில் எல்லா அடுக்கும் தெரியும். அங்கே எமரி தாளால் தேய்த்து, இழை வெளியே வந்ததும் இரண்டு முனையையும் வைத்தோம். பின்பலகையில் மட்டும் பீப் சத்தம். அணியத்தில் (முன்பகுதியில்) இல்லை, பக்கவாட்டில் இல்லை. அதெல்லாம் கறுப்புச் சாயம் கலந்த கண்ணாடி ஃபைபர். வயிறு எரிந்தது.

உண்மையிலேயே முழுக்கக் கார்பன் போட்டிருந்தாலும் நம் வேலைக்கு அது தேவையில்லை என்பேன். பந்தயப் படகுக்கும் பாய்மரத்துக்கும் அருமையான பொருள்தான்; கண்ணாடி இழையைவிட மூன்று மடங்கு விறைப்பு. ஆனால் மோதினால் வளைந்து கொடுக்காது, முறியும். மணலிலும் கல்லிலும் இழுத்து ஏற்றுகிற படகுக்கு அது எப்படிச் சரிவரும்? கண்ணாடி ஃபைபரில், இழையை ஒட்டி இறுக்கும் ரெசின் இறங்காத இடம் வெளுப்பாகத் தெரிந்துவிடும். கார்பனில் எல்லாமே கறுப்பு, குமிழி இருந்தாலும் கண்ணில் படாது. அதற்கு எபாக்சி மாதிரி நல்ல ரெசின் வேண்டும். அந்த யார்டில் நாங்கள் பார்த்ததெல்லாம் பாலியஸ்டர் என்ற சாதாரண ரெசின் டிரம்தான்.

கேட்டால் "கடல்ல போனா எல்லாம் அரிக்கத்தான் செய்யும்" என்கிறார். பணம் திரும்பவில்லை. பில்லில் வெறும் 'ஃபைபர் படகு' என்றுதான் இருக்கிறது. எந்த இடத்தில் எத்தனை அடுக்கு கார்பன், என்ன ரெசின் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அச்சிலிருந்து எடுத்ததும், உள்ளே பெயின்ட் அடிக்கும் முன்பே, மீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்தான்.