640 பவுண்டுக்கு ஒரு பொய்ப் பாட்டன்: ஐரிஷ், ஸ்காட்டிஷ் பூர்வீகம் தேடித் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை

கொதிப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த பிரிட்டனில் பெண் எடுத்து, பெண் கொடுத்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அவர்களில் யாராவது ஒருவர் காசாவது தப்பட்டும்.

'உங்கள் ஸ்காட்டிஷ், ஐரிஷ் முன்னோரைப் பழைய ஆவணங்களிலிருந்து தேடித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் ஓர் இணையச் சேவைக்கு 640 பவுண்டு கட்டினேன். நம்ம ஊர்க் கணக்கில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல். வந்தது குப்பை. பெயரைச் சொல்லப் போவதில்லை, வங்கியில் புகார் நடந்துகொண்டிருக்கிறது. கடைசியில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என் கணவர் கிளாஸ்கோக்காரர். மாமனாருக்கு அடுத்த மாதம் 75 வயது நிறைகிறது. அவருடைய அப்பா வழி ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். அம்மா வழி அயர்லாந்தின் டொனிகாலிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கப்பலேறி வந்தவர்கள். டொனிகாலில் எந்த ஊர் என்றால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்காட்லாந்து சென்சஸில் ஐரிஷ்காரர்களுக்குப் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்ற ஒரே சொல்தான் இருக்கும். அயர்லாந்திலோ டவுன்லாண்ட் என்கிற குட்டி ஊர்ப்பிரிவுகள் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல். எங்கே போய்த் தேடுவது? 'எங்க பாட்டி பிறந்த மண்ணை மிதிக்காமலே போய்விடுவேன் போல' என்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது மனிதர் சொன்னார். அந்த ஊரைக் கண்டுபிடித்துப் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று நானும் என் நாத்தனாரும் முடிவு செய்தோம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் வீடியோவில் பேச வேண்டும் என்று கேட்டேன். பேசினார்கள். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், பின்னால் அலமாரி நிறையத் தோல் அட்டைப் புத்தகங்கள். அவசரமே இல்லாத பேச்சு. 'முதலில் ஒரு கெட்ட செய்தி சொல்லிவிடுகிறேன்' என்றுதான் ஆரம்பித்தார். 1922 ஜூன் 30-ஆம் தேதி, அயர்லாந்து உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்ததையும், 1821 முதல் 1851 வரையிலான சென்சஸ் ஏடுகள் அநேகமாக முழுவதும் அதில் போனதையும் சொன்னார். உயில்கள், 'சர்ச் ஆஃப் அயர்லாந்து' என்ற புராட்டஸ்டண்ட் சபையின் பதிவேடுகளில் பாதிக்கும் குறையாதவை எல்லாம் சாம்பல் என்றார். கண் கலங்கியது போலக்கூட இருந்தது. அத்தனையும் உண்மை. சரித்திரத்தில் இருப்பதுதான்.

கெட்ட செய்தியை முதலில் சொல்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? அடுத்து வந்தது தூண்டில். 'ஆனால் எரிவதற்கு முன் எடுக்கப்பட்ட நகல்களின் தனித் தொகுப்பு ஒன்று எங்களிடம் இருக்கிறது. பொதுமக்கள் பார்க்க முடியாது' என்றார். 'உங்கள் மாமனாரின் பாட்டியைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்' என்று அவர் சொன்னதும் என் நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினாள். முன்பணம் 320 பவுண்டு கிரெடிட் கார்டில். மீதி 320-ஐ வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பினால் குடும்பச் சின்னம் ஒன்று இலவசம் என்றார்கள். அனுப்பினோம். மொத்தம் 640 பவுண்டு.

சொன்ன தேதி தாண்டி, இரண்டு முறை நினைவூட்டிய பிறகு ஒரு பிடிஎஃப் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் யாழும் முட்செடிப் பூவும் போட்ட பச்சைக் கரை. முதல் பாதி முழுக்க 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் வரலாறு, எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. அப்புறம் 1901, 1911 ஐரிஷ் சென்சஸ் பக்கங்களின் படங்கள். அந்த இரண்டு சென்சஸும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடியவை. அதிலும் அதே பெயர் கொண்ட வேறு யாரோ ஒரு குடும்பம். டொனிகாலில் கல்லை விட்டெறிந்தால் அந்தக் குடும்பப் பெயர்க்காரர் தலையில்தான் விழும், அப்படிப்பட்ட பெயர் அது.

கடைசியில் வம்ச மரம். அடேயப்பா, என்ன மரம்! ஒரு பாட்டி 61 வயதில் பிள்ளை பெற்றிருக்கிறாள். ஒருவர் இறந்து இரண்டு வருடம் கழித்து அவருக்கு மகன் பிறந்திருக்கிறான். அயர்ஷயர் பக்கத்தில் மாமனாரின் கொள்ளுத்தாத்தா என்று காட்டியிருந்தவர் மூன்று வயதில் இறந்துபோன குழந்தை. அதை நானே கண்டுபிடித்தேன். ஸ்காட்லாந்து அரசின் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் சில பவுண்டு செலவழித்தால் அசல் பதிவின் படம் கிடைக்கும். 1855 ஜனவரியில் தொடங்கிய கட்டாயப் பதிவு அது. இறப்புப் பதிவில் அப்பா பெயர் மட்டுமல்ல, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். கல்யாணப் பதிவிலும் அப்படியே. உண்மையான கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவை எடுத்தால் அம்மா பெயர் வேறு, இவர்கள் மரத்தில் இருப்பது வேறு. ஒரே ஒரு பதிவைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 640 பவுண்டு வாங்கியவர்கள் அதைக்கூடப் பார்க்கவில்லை.

இதெல்லாம் கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் டொனிகால் பாட்டியின் ஊர் என்று லெட்டர்கென்னியைப் போட்டு, ஆதாரம் என்ற இடத்தில் '1861 அயர்லாந்து சென்சஸ், தனித் தொகுப்பு' என்று எழுதியிருந்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. 1861, 1871 சென்சஸ் படிவங்கள் ஃபோர் கோர்ட்ஸ் தீயில் எரியவில்லை. அந்தத் தீக்கு வெகு காலம் முன்பே, கணக்கெடுத்த கொஞ்ச நாளிலேயே, அரசாங்கமே உத்தரவு போட்டு அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாகிப் போயின. எரிவதற்கு முன் நகல் எடுத்தார்களாம், எரியவே எரியாத ஏட்டை! பொய் சொல்வதற்கும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

இனி வாடிக்கையாளர் சேவையின் லட்சணம். முதல் மின்னஞ்சலுக்கு வந்த பதில்: 'பழைய ஆவணங்களில் முரண்பாடு இயல்பு.' 61 வயதுப் பிரசவம் இயல்பா என்று திருப்பிக் கேட்டேன். பதிலாக ஒரு புகார் எண் வந்தது. வீடியோவில் பேசிய அம்மாள் விடுப்பில் இருக்கிறாராம், திரும்பும் தேதி சொல்ல இயலாதாம். தொலைபேசியில் கூப்பிட்டால் பேக்பைப் வாத்தியம் ஓடிக்கொண்டே இருக்கும், பிறகு தானாகத் துண்டிக்கும். (எனக்குப் பிடித்த வாத்தியம் அது. அதையும் கெடுத்தார்கள்.) 1861 ஆதாரத்தின் படத்தை அனுப்புங்கள் என்றால், 'எங்கள் தொகுப்பு அறிவுச் சொத்து, பகிர இயலாது.' பணத்தைத் திருப்பிக் கேட்டதும் தொனியே மாறிவிட்டது. கோப்பைத் தரவிறக்கிவிட்டீர்களாம், ஆகவே பணம் திரும்பாதாம். திருப்தி இல்லையென்றால் இன்னொரு 290 பவுண்டு கட்டி 'உயர்தர ஐரிஷ் தேடல்' எடுத்துக்கொள்ளலாமாம். எவ்வளவு தைரியம்!

இலவசமாக வந்த குடும்பச் சின்னத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் குடும்பச் சின்னம் என்று ஒன்று கிடையாது. கேடயச் சின்னம் தனி மனிதருக்குத்தான் உரியது. அதைக் கவனிக்க எடின்பரோவில் லார்ட் லயன் என்ற அதிகாரியும் அவருக்கென்று ஒரு நீதிமன்றமும் இருக்கிறார்கள். உரிமையில்லாமல் ஒருவர் சின்னத்தை இன்னொருவர் பயன்படுத்துவது இங்கே குற்றம். ஆக, 75 வயது மாமனார் வீட்டுச் சுவரில் மாட்ட எங்களுக்குக் கொடுத்தது யாரோ ஒருவருடைய கேடயம்.

என் கோபத்துக்குப் பெரிய காரணம் இதற்குப் பிறகு நடந்தது. கிளாஸ்கோ மிட்செல் நூலகத்தில் இருக்கும் நகர ஆவணக் காப்பகத்துக்குப் போய் விவரத்தைச் சொன்னேன். அங்கிருந்த ஊழியர் கேட்ட முதல் கேள்வி: 'அந்தப் பாட்டியோ அவள் அம்மாவோ எப்போதாவது ஏழை நிவாரணம் கேட்டு மனுப் போட்டார்களா?' 1851 முதல் அந்த மனுக்கள் அங்கே லட்சக்கணக்கில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் போதிய ஆண்டுகள் வாழாத ஐரிஷ் ஏழைகளைத் திருப்பி அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. அதனால் எங்கே பிறந்தவர், அப்பா அம்மா யார், பிள்ளைகள் எத்தனை என்று நிவாரண அதிகாரி துருவித் துருவிக் கேட்டு எழுதி வைத்திருப்பார். பாட்டியின் அம்மா கைக்குழந்தையோடு விதவையாகி மனுப் போட்டிருக்கிறாள். டொனிகாலின் வடகோடி, இனிஷோவென் தீபகற்பம், பங்கின் (அதாவது கத்தோலிக்கத் திருச்சபை வட்டாரத்தின்) பெயரோடு. அவர்கள் சொன்ன லெட்டர்கென்னி இல்லவே இல்லை. அவளை ஊருக்கே திருப்பி அனுப்பலாமா என்று பார்க்கக் கேட்ட கேள்வி, இன்றைக்கு அவள் ஊரை எங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

பங்கு தெரிந்த பிறகு கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடலாம். அவை அந்தந்தக் கோயில்களிலேயே இருந்ததால் 1922 தீ அவற்றைத் தொடவில்லை. அவற்றின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் சும்மாவே போட்டிருக்கிறது. 1864 முதல் எல்லாருக்குமான பிறப்பு, இறப்புப் பதிவுகளும் ஐரிஷ் அரசின் வம்சாவளித் தளத்தில் இலவசம். கிரிஃபித் மதிப்பீடு என்று 1847-க்கும் 1864-க்கும் இடையில் எடுத்த நில வரிக் கணக்கும் அப்படியே. எரிந்ததைச் சொல்லிப் பயமுறுத்தி, எரியாமல் இலவசமாகக் கிடப்பதைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் 640 பவுண்டு பறித்திருக்கிறார்கள்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். வங்கி கேட்ட காகிதங்களை இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும், ஆகவே சுருக்கமாக:

'எங்களிடம் மட்டும் இருக்கும் தனித் தொகுப்பு' என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அசல் பதிவின் படம் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். 1861 முதல் 1891 வரை ஐரிஷ் சென்சஸ் வீட்டுப் படிவத்தை ஆதாரமாகக் காட்டினால் அது புளுகு. ஆள் வைத்துத்தான் தேட வேண்டும் என்றால் ஸ்காட்லாந்துக்கு ஆஸ்க்ரா, அயர்லாந்துக்கு அக்ரடிட்டட் ஜீனியாலஜிஸ்ட்ஸ் அயர்லாந்து என்று தொழில்முறைச் சங்கங்கள் இருக்கின்றன, உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பாதீர்கள், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேற்பட்ட சேவையில் ஒரு பகுதியை கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம் என்று பிரிட்டன் சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பித்தான் 640-ஐயும் கேட்டிருக்கிறேன்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்களிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று.