கவுட் வந்த காலுக்கு எது உதவும்: குளிசையா, பத்தியமா, சப்பாத்தா?

கவுட் என்பது யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கி நோகும் வருத்தம். கொழும்பில் அது வந்து கால் பெருவிரல் வீங்கி நொண்டி நடக்கிறவருக்கு ஆலோசனைக்குக் குறைவிருக்காது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்க நிற்கும்போதே ஒருவர் நெத்தலியை விடச் சொல்வார். ஒபிசில் இன்னொருவர் அகலமான சப்பாத்து வாங்கச் சொல்வார். குளிசையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பலருக்குக் குரல் இறங்கிவிடும்: "தொடங்கினால் விட ஏலாது, கிட்னிக்கும் கூடாது." நான் மூன்றையும் செய்து பார்த்தவன், இன்றும் ஏதோ ஓர் அளவில் மூன்றையும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இவை சம எடை உள்ளவை என்று என்னால் சொல்ல முடியாது. என் தேர்வு குளிசை. ஏன் என்பதற்குத்தான் இந்த அலசல்.

அடிப்படை எளிது. இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் முழுவதும் கரைந்து நிற்காது. மெல்ல மெல்ல ஊசி போன்ற பளிங்குகளாக மூட்டில் படியத் தொடங்கும். குளிர்ச்சியான இடத்தில் கரைதிறன் இன்னும் குறைவு. கால்விரல் அடிக்கடி பிடிபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். படிந்த பளிங்கை உடலின் காவல் அணுக்கள் தாக்கும்போதுதான் போர்வை பட்டாலும் பொறுக்க முடியாத அந்த நோ வருகிறது. அதனால் எந்த வழியையும் நான் அளந்து பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: அது யூரிக் அமிலத்தை 6க்குக் கீழே கொண்டுபோய், வருடக்கணக்கில் அங்கேயே வைத்திருக்குமா?

முதலில் பத்தியம். ஈரல், குடல், மாட்டிறைச்சி, நெத்தலி, சூடை, பியர், சாராயம் எல்லாம் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாமல் போவது இரண்டு. ஒன்று பருப்பு. கவுட் என்றதும் பருப்புக் கறி, கீரை, கௌபி எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து அகற்றிவிடுகிற வீடுகள் நிறைய. அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களைப் 12 வருடம் பின்தொடர்ந்து 2004இல் வெளிவந்த ஆய்வில் இறைச்சியும் கடலுணவும் கவுட்டைக் கூட்டின. பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) அதிகமுள்ள மரக்கறிகளும் பருப்பு வகைகளும் கூட்டவில்லை. பாலும் தயிரும் உண்பவர்களுக்கு ஆபத்து குறைந்தும் இருந்தது. ஆகவே இடியப்பத்துக்குச் சொதியும் பருப்பும் தாராளமாக வைக்கலாம், மதியச் சோற்றோடு தயிரும் சேர்க்கலாம்.

மற்றது சீனி. சீனியில் பாதி பிரக்டோஸ். அது ஈரலில் உடையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. நெத்தலியைக் கண்டால் பயப்படுகிறவர்கள் நெல்லிக் கிரஷையும் இனிப்புச் சோடாவையும் பயமில்லாமல் குடிக்கிறார்கள். வெயிலில் வந்த விருந்தாளிக்குக் கிரஷ் கரைத்துக் கொடுப்பது நம் வழக்கம், அதை மாற்றுவது இலேசில்லை. ஆனாலும் தண்ணீரோ சீனி போடாத தேத்தண்ணியோ கேட்டு வாங்குங்கள்.

சரி, பத்தியத்தால் எவ்வளவு இறங்கும்? உடலில் உள்ள யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் உடலே செய்வது. சாப்பாட்டிலிருந்து வருவது மிச்சம்தான். கடுமையாகப் பத்தியம் இருந்தாலும் இறங்குவது பொதுவாக ஒரு மில்லிகிராம் அளவு. எனக்கு 9க்கு மேல் இருந்தது. ஒன்றைக் கழித்தாலும் 8க்கு மேல். பளிங்கு படிகிற எல்லைக்கு மேலேதான் இன்னும் நிற்கிறது. எல்லையைச் சற்றே தாண்டியவருக்குப் பத்தியம் போதுமாக இருக்கலாம், 9 உள்ளவருக்குப் போதாது. உடம்பு எடையைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும், அதையும் மெதுவாகச் செய்ய வேண்டும். திடீரெனப் பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறி வீக்கம் கிளம்பும். கந்தசஷ்டியில் தண்ணீரும் எடுக்காமல் விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் கதைத்துவிடுவது நல்லது.

பத்தியத்தின் பராமரிப்புச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சமைப்பவர் தலையில். ஒரு வீட்டுக்கு இரண்டு சமையல், கல்யாண வீட்டில் விசாரணை, யாழ்ப்பாணத்திலிருந்து நண்டு வந்தால் மனக்கஷ்டம். அதைவிடக் கொடுமை, வீக்கம் வரும் ஒவ்வொரு தடவையும் "என்னத்தைச் சாப்பிட்டாய்?" என்று கேட்பது. கவுட் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாததே மூல காரணம், அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. நாக்கு அடங்காதவர்களுக்கு வருகிற வருத்தம் என்று இதை நடத்துவது அநியாயம். அந்த வெட்கத்தாலேயே கிளினிக் போகாமல் நோவைத் தாங்கிக்கொள்கிறவர்களை நான் அறிவேன்.

சப்பாத்துக்கு வருவோம். இது யூரிக் அமிலத்தை ஒரு துளியும் குறைக்காது. ஆனாலும் காலி வீதி நடைபாதையில் தினமும் நடக்கிறவருக்கு இதன் பயன் உடனே தெரியும். நியூசிலாந்தில் கவுட் உள்ளவர்களிடம் செய்த சிறிய ஆய்வொன்றில், நல்ல மெத்தை உள்ள சப்பாத்து சில வாரங்களுக்காவது பாத நோவைக் குறைத்தது. விரல்கள் விரிந்து கிடக்க முன்பக்கம் அகலமும் உயரமும் வேண்டும். அடி வளைந்து மடங்கக்கூடாது, கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் பெருவிரல் மூட்டு ஒவ்வோர் அடிக்கும் மடங்காமல் இருக்கும். குதியைப் பிடித்துக்கொள்ளும் பின்பகுதியும் தேவை. விரல் இடுக்கில் வார் போகிற ரப்பர் செருப்பு இந்த மூன்றிலும் தோற்கும். அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் இறுகிப் பிடிப்பதே மூட்டுக்கு வேலை. பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் கடைக்குப் போய் அளவு பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம், நாங்கள் நாளில் பல தடவை சப்பாத்தைக் கழற்றிப் போடுகிறோம். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில் வாசலில், உறவினர் வீட்டு வாசலில், சில சமயம் கிளினிக் வாசலில்கூட. நாடா கட்டும் சப்பாத்து என்றால் குனிந்து நிமிர அலுத்துப்போய் இரண்டாம் வாரமே பழைய செருப்புக்குத் திரும்பிவிடுவோம். ஒட்டு நாடா உள்ளதை வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. சீனி வருத்தமும் சேர்ந்து உள்ளங்கால் மரத்திருப்பவர்கள் கோயில் வீதியின் சுடுகல்லில் வெறுங்காலோடு நடப்பதில் கவனமாக இருக்க வேண்டும். விலை கூடிய சிறப்புப் பாதத் தட்டுகளை நான் போட்டதில்லை, சாதாரண அகலச் சப்பாத்தே எனக்குப் போதுமாக இருந்தது.

இனிக் குளிசை. இதில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, வீக்கத்தை அடக்கும் மருந்தையும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும். டைக்ளோபெனக், கொல்சிசின், பிரெட்னிசோலோன் போன்றவை வீக்கத்தை அடக்குபவை. நோ போய்விடும், பளிங்கு அப்படியே கிடக்கும். நோ வரும்போதெல்லாம் பாமசியில் டைக்ளோபெனக் வாங்கிப் போட்டுக்கொண்டே காலம் ஓட்டுவதுதான் உண்மையில் கிட்னிக்குக் கூடாத பழக்கம். கொல்சிசின் நம் கார்த்திகைப் பூச் செடியின் கிழங்கிலும் இருக்கிறது. அந்தக் கிழங்கு கொல்லும் நஞ்சு, கைவைத்தியமாக அதைத் தொடவே வேண்டாம். குளிசையாக வரும்போதும் சிறிய அளவே போதும். கிளாரித்ரோமைசின் போன்ற சில அன்டிபயோட்டிக்குகளோடு சேர்ந்தால் அதுவும் ஆபத்தாகலாம்.

யூரிக் அமிலத்தைக் குறைப்பவற்றில் அலோபியூரினோலும் பெபுக்சோஸ்டட்டும்தான் இங்கே அதிகம் எழுதப்படுபவை. நான் எடுப்பது அலோபியூரினோல். 1960களிலிருந்து பாவனையில் உள்ள மருந்து, அதன் நல்லதும் கெட்டதும் வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரியும். 100 மில்லிகிராமில், சிறுநீரகம் பலவீனமானவருக்கு அதைவிடக் குறைவாகவும் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பெபுக்சோஸ்டட்டை நான் எடுத்ததில்லை, அதனால் அனுபவமாகச் சொல்ல எதுவுமில்லை. அலோபியூரினோல் ஒத்துவராதவருக்கு அது நல்ல மாற்று. 2019இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதய மரணம் பற்றி அதற்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தது. 2020இல் ஐரோப்பாவில் வந்த இன்னொரு பெரிய ஆய்வு அப்படிக் கூடுதல் ஆபத்தைக் காணவில்லை. இதய வருத்தம் உள்ளவர் டொக்டரோடு இதைக் கட்டாயம் கதைக்க வேண்டும்.

அலோபியூரினோலிலும் பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் சில வாரங்களில், தோல் முழுவதும் கடுமையான ஒவ்வாமை வரும். தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் ஏதாவது கண்டால் குளிசையை அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக்கூடாது. குறைந்த அளவில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது என் முடிவைத் தீர்மானித்த விஷயம்: பராமரிப்பு. இந்தக் குளிசையின் வெற்றியும் தோல்வியும் விடாமல் எடுப்பதில்தான் இருக்கிறது, அதைக் கெடுக்க இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது தொடக்கத்தில். யூரிக் அமிலம் இறங்கும்போது பழைய பளிங்குகள் கரைந்து அசைவதால் முதல் மாதங்களில் வீக்கம் கூடவும் செய்யும். "குளிசை எடுத்த பிறகுதான் மோசமானது" என்று பலர் விடுவது இந்த இடத்தில்தான். அதற்காகவே முதல் 3 முதல் 6 மாதங்களுக்குச் சிறிய அளவு கொல்சிசினைத் துணைக்குக் கொடுப்பார்கள். வீக்கம் வந்தாலும் அலோபியூரினோலை நிறுத்தக்கூடாது, வீக்கத்துக்குத் தனி மருந்து எடுத்துக்கொண்டு இதைத் தொடர வேண்டும்.

இரண்டாவது பொறி சுகமான பிறகு. குளிசையை நிறுத்தினால் சில நாட்களில் யூரிக் அமிலம் ஏறத் தொடங்கிவிடும், ஆனால் கால் நோகாது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. என் சித்தப்பா அப்படித்தான் நிறுத்தினார், சுகமாகிவிட்டது என்றே நம்பினார். திரும்பி வந்தபோது முழங்காலிலும் வந்தது. பிரஷர் குளிசையை விட்டால் மெஷின் காட்டிக்கொடுக்கும், கவுட்டுக்கு நோ மட்டும் பார்த்தால் காலம் கடந்துதான் தெரியும். ஆகவே இலக்கம்தான் வழிகாட்டி: 6க்குக் கீழே, தோலுக்கடியில் பளிங்கு சேர்ந்து கட்டிகள் வந்தவர்களுக்கு 5க்குக் கீழே. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் தாதியர் நோயாளிக்கு விளக்கம் சொல்லி, இரத்தம் பார்த்து, அளவைக் கூட்டிக் கவனித்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. இரண்டு வருட முடிவில் அவர்களில் 95 வீதமானோர் இலக்கை எட்டியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 30 வீதம்தான். பெரும்பாலும் ஒரே மருந்து, மாறியது கவனிப்பு.

வீட்டில் இதைச் செய்வது கடினமில்லை. காலைத் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் குளிசைப் பெட்டி, கலண்டரில் இரத்தப் பரிசோதனைத் திகதி, பழைய ரிப்போட்டுகள் ஒரே கோப்பில். அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மருந்துக்குக் காசில்லை. கையிருப்பு இல்லாத மாதம் வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து நான் எப்போதும் ஒரு மாதத்துக்கான குளிசை கூடுதலாக வைத்திருக்கிறேன். தனியாரில் சனல் பண்ணுகிறவர்கள் இரத்தத்தை முன்கூட்டியே எடுத்து ரிப்போட்டோடு போனால் ஒரு தடவைச் செலவு மிச்சம்.

எல்லோருக்கும் குளிசை வேண்டியதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்து, சிறுநீரகம் நன்றாக இருந்து, அதில் கல்லும் இல்லாமல், யூரிக் அமிலமும் 9க்குக் கீழே இருப்பவருக்குப் பொதுவாக உடனே தொடங்க மாட்டார்கள். அவருக்குப் பத்தியமும் சப்பாத்துமே போதும். வருடத்துக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ வந்தால், கட்டி தெரிந்தால், எக்ஸ்ரேயில் மூட்டு அரித்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வீக்கத்தின்போது எடுக்கும் இரத்தத்தில் யூரிக் அமிலம் குறைவாகக் காட்டலாம், "நோர்மல்" என்று வந்தால் வீக்கம் அடங்கி இரண்டு வாரம் போனபின் திரும்பப் பாருங்கள். கிளினிக்குக் கொண்டுபோகும் பையில் மற்றக் குளிசைகளையும் போடுங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட் யூரிக் அமிலத்தைக் கூட்டும், லொசார்டன் கொஞ்சம் குறைக்கும். எதை மாற்றலாம் என்று டொக்டர் பார்த்துச் சொல்வார். இதயத்துக்கு எடுக்கும் சிறிய அஸ்பிரினும் கொஞ்சம் கூட்டும்தான், ஆனால் அதை நீங்களாக நிறுத்தக்கூடாது.