வெள்ளத்துக்கு மிதவை அங்கி: பாட்டிலா, இலவம்பஞ்சா, ஃபோமா?

வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி தண்ணீர் ஏறும் பகுதிகளில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். வாங்க முடியாத வீடுகள், கழித்துப்போட்ட பொருளில் எதை நம்பலாம்?

கணக்கு எளிது. தண்ணீருக்குள் அமுங்கிய ஒரு லிட்டர் காற்று கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கும். பெரியவர் ஒருவரின் தலை மேலே நிற்க ஏழெட்டு கிலோ தூக்குவிசை வேண்டும். அதாவது 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் நான்கு. செலவே இல்லை, பள்ளிப் பிள்ளைகளும் தைத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஒரே அறை. வெள்ளத்தில் தகரமும் கண்ணாடியும் மிதந்து வரும். ஒரு கிழிசல் விழுந்தால் இரண்டு கிலோ போச்சு.

பழைய தலையணையின் இலவம்பஞ்சு? ஒவ்வொரு இழையும் குழல், மேலே மெழுகுப் பூச்சு. உலகப்போர்க் காலக் கப்பல்கள் பலவற்றில் இதை அடைத்த அங்கிகள் இருந்தன. ஆனால் எண்ணெயை உறிஞ்சினால் மிதக்கும் திறன் குறைந்துவிடும். 2023 டிசம்பரில் எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடு புகுந்ததே! அழுந்தி நைந்த பஞ்சும் சரிப்படாது. தெர்மாகோலையும் விட்டுவிடுங்கள், பெட்ரோல் பட்டால் கரையும்.

என் தேர்வு, டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிகளில் வரும் வெள்ளை பாலித்தீன் ஃபோம் (மணிமணியாக உதிரும் தெர்மாகோல் அல்ல, மெத்தென்று வளையும் ரகம்). ஆகாயத்தாமரைக் காம்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் காற்றறைகள் தெரியும். இரண்டாக நறுக்கினாலும் இரண்டு துண்டும் மிதக்கும். இந்த ஃபோமும் அப்படித்தான், குத்துப்பட்டால் அந்த இடத்து அறைகள் மட்டுமே போகும். கடையில் விற்கும் ஜாக்கெட்டுகள் பலவற்றிலும் இதே வகைதான். 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமன் இருந்தால் 8 லிட்டர் ஆகிவிடும்.

எதை எடுத்தாலும் கட்டும் இடம் முக்கியம். கிணற்றில் நீச்சல் பழகுபவர்கள் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டுவார்கள். குப்புற நீந்த அது சரி. வெள்ளத்தில் ஒருவர் மயங்கினால் அதே கட்டு முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். அதனால் பெரும்பகுதி நெஞ்சில், கொஞ்சம் பிடரிக்குப் பின்னால். அப்புறம் தொடைகளுக்கு நடுவே ஒரு பட்டை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அங்கி தலை வழியாகக் கழன்றுவிடும்.

இது படகு வரும்வரை மிதந்து காத்திருக்க மட்டுமே. ஓடும் தண்ணீரில் இறங்கி இன்னொருவரைக் காப்பாற்றப் போகிறவருக்குத் தரச்சான்று பெற்ற ஜாக்கெட்தான் வேண்டும்.